சொன்னால் ஓராண்டு சிறை

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவில் சென்ற வாரம் இதுவரை வந்திருந்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த வாரம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீசுக்குப் போட்ட கட்டளைகளைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அது நடக்கப் போவதில்லை. 22-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன். மேலே சொன்ன மூன்று பாதுகாப்பும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்குக் கிடையாது என்று அங்கே எழுதியிருக்கிறது. குற்றம் செய்தவரை அல்ல, செய்துவிடுவாரோ என்று அரசு அஞ்சுகிறவரை விசாரணையில்லாமல் உள்ளே வைப்பதுதான் தடுப்புக் காவல். அடிப்படை உரிமைகள் என்று தலைப்புப் போட்ட அத்தியாயத்துக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்கியவர்கள், தாங்களே வெள்ளைக்காரன் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள்.

குடியரசு பிறந்து ஒரு மாதம்கூட முடியவில்லை. 1950 பிப்ரவரி 25 அன்று தடுப்புக் காவல் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார் வல்லபபாய் படேல். இந்த முடிவுக்கு வருமுன் பல இரவுகள் தூக்கமில்லாமல் கழிந்ததாக அவரே அவையில் சொன்னார். தூக்கம் வராதவர்தான், ஆனால் சட்டம் மளமளவென்று நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைத்தான் இந்த வாரம் முழுக்க எதிரில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காவலில் இருப்பவருக்கு அதன் காரணங்களை அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது உட்பிரிவில் பறித்ததில் இதை மட்டும் அதே 22-ஆம் பிரிவு பின்னால் திருப்பிக் கொடுப்பதால் அதைத் தவிர்க்க முடியாது. சரி, கொடுத்தாயிற்று. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அவர் நீதிபதியிடம் சொல்லலாமா? கூடாது. எந்த நீதிமன்றமும் அதைத் தன் முன் சொல்ல அனுமதிக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. அரசின் முன் அனுமதியில்லாமல் வெளியே சொன்னால் அதுவே தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை. உள்ளே இருப்பவனை இன்னும் உள்ளே போடுவேன் என்று மிரட்டுகிற சட்டம்! காரணம் உன் கையில் இருக்கலாம், உன் வாயில் வரக் கூடாது.

இதோடு மோதியவர் ஏ.கே. கோபாலன். கண்ணூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், குருவாயூர் ஆலயப் பிரவேசச் சத்தியாக்கிரகத்தின் தொண்டர் படைத் தலைவர். 1936-இல் கண்ணூரிலிருந்து சென்னைவரை பட்டினி ஊர்வலம் நடத்தியவர், பிறகு கம்யூனிஸ்ட். (இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்திருக்கிறீர்களா? அதை நடத்தும் தொழிலாளர் கூட்டுறவுகள் உருவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.) சுதந்திரம் வந்த நாளில் அவர் கண்ணூர் சிறையில் இருந்தார். வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே, 1947 டிசம்பரில், மறுபடி உள்ளே. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால் பிடித்து வைத்தது நம் சென்னை அரசு. வழக்குகளில் விழுந்த தண்டனைகள் ரத்தாயின. ஆள் மட்டும் வெளியே வரவில்லை. புதுச் சட்டம் வந்ததும், 1950 மார்ச் 1 அன்று, சிறையில் இருந்தவரிடமே புது உத்தரவைக் கொடுத்தார்கள்.

ஆட்கொணர்வு மனுவோடு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அன்றைக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. 1958 வரை நாடாளுமன்றக் கட்டடத்திலேயே, மன்னர்கள் அவைக்கென்று கட்டிய மண்டபத்தில்தான் அமர்ந்தது. சட்டம் போட்டதும் அதை எதிர்த்து வாதாடியதும் ஒரே கூரையின் கீழ். வாதாடியவர் எம்.கே. நம்பியார், பின்னாளில் அட்டர்னி ஜெனரலான கே.கே. வேணுகோபாலின் அப்பா. சாசனத்தின் 19 (பேச்சு, நடமாட்டம் போன்ற உரிமைகள்), 21 (சட்டம் வகுத்த நடைமுறைப்படி அன்றி யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது), 22 மூன்றையும் சேர்த்துப் படியுங்கள், நாடாளுமன்றம் எதை எழுதினாலும் அது நியாயமான நடைமுறை ஆகிவிடாது என்பது அவர் வாதம்.

ஆறு நீதிபதிகள். 1950 மே 19 தீர்ப்பு. நால்வர் ஏற்கவில்லை: ஒவ்வொரு பிரிவும் தனித்தனி, நாடாளுமன்றம் முறையாகச் சட்டம் போட்டால் போதும் என்றார்கள். மகாஜனும் ஃபசல் அலியும் மாறுபட்டார்கள். மனு தள்ளுபடி.

பாடப் புத்தகங்கள் இந்த இடத்தில் 1978-க்குத் தாவிவிடும். மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைப் பறித்த வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமாக இருந்தாக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நம்பியாரின் வாதம் 28 ஆண்டுகள் கழித்து ஜெயித்தது. கோபாலன் அதைப் பார்க்கவில்லை. 1977 மார்ச் 22 அன்று, நெருக்கடி நிலை விலக்கப்பட்ட மறுநாள், காலமானார்.

எனக்கு என்னவோ அன்றைய தோல்விக்குள் இருந்த வெற்றிதான் பெரிதாகப் படுகிறது. 14-ஆம் பிரிவு விஷயத்தில் ஆறு பேரும் ஒரே குரல்: செல்லாது. கெட்ட எண்ணத்தோடு போட்ட உத்தரவு என்கிறார் மனுதாரர். ஆனால் காரணத்தைக் காட்ட அவருக்கு வாய்ப்பூட்டு. பிறகு எங்களால் எதைச் சோதிக்க முடியும் என்று தலைமை நீதிபதி கனியாவே எழுதினார். பூட்டை உடைத்துவிட்டு, வேண்டுமானால் புதிதாக மனுப் போடலாம் என்று கோபாலனுக்கு வழியும் விட்டார்கள்.

இது எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றத்தில் குண்டர் சட்ட வழக்குகள் விசாரணைக்கு வரும் நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். 1982-இல் வந்த சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை உள்ளே. வக்கீல்கள் ‘ஹெச்.சி.பி.’ என்பது இந்த ஆட்கொணர்வு மனுக்களைத்தான். அங்கே பேச்செல்லாம் ‘புக்லெட்’ பற்றியே இருக்கும்; கைதிக்கு அரசு கொடுக்கும் காரணங்களும் ஆவணங்களும் சேர்ந்த கட்டு அது. இந்தப் பக்கத்து நகலில் எழுத்தே தெரியவில்லை, தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கில ஆவணத்தின் மொழிபெயர்ப்பைத் தரவில்லை, அவர் அனுப்பிய முறையீட்டைக் கிடப்பில் போட்டார்கள் என்று வாதம் போகும். இப்படிப்பட்ட காரணங்களில் ரத்தான உத்தரவுகள் ஏராளம். ஜெராக்ஸ் சரியில்லை என்று ரவுடியை விடுகிறார்கள் பாருங்கள் என்று டீக்கடையில் கொதிப்பவர்கள் உண்டு. விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்க முடிகிற அரசால் தெளிவாக ஒரு நகல் எடுக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி. 14-ஆம் பிரிவு பிழைத்திருந்தால் அந்தக் கட்டை நீதிபதியிடம் நீட்டுவதே குற்றம்.

ஃபசல் அலி என்ற பெயர் எங்கோ கேட்டது போலிருக்கிறதா? மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவர் அவர்தான். மலபாரைப் பிரித்துக் கேரளத்தோடு சேர்க்கச் சொன்னதும், தேவிகுளம், பீர்மேட்டை நமக்குத் தராததும் அந்த ஆணையம்தான். தமிழர்களுக்கு அவர்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. கோபாலன் வழக்கிலோ தனிமனித சுதந்திரத்தின் பக்கம் நின்றார். சரியாக ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, இன்னொரு சென்னை வழக்கு. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்குச் சென்னை அரசு விதித்த தடை அது. இம்முறை ஃபசல் அலி அரசின் பக்கம்! கோபாலனைக் கைவிட்ட நால்வரில் ஒருவரான நம் பதஞ்சலி சாஸ்திரியார் பத்திரிகைக்காகத் தீர்ப்பு எழுதுகிறார்.

அந்தத் தடை உத்தரவின் தேதியைப் பார்த்தேன்: 1950 மார்ச் 1. கோபாலனிடம் தாளைக் கொடுத்த அதே நாள். பாசு கொஞ்சம் பொறுக்கட்டும், அடுத்த வாரம் ரொமேஷ் தாப்பர்.