எட்டு முழ வேட்டியில் 12 பாப்பா துணி! வீட்டு மெஷினிலேயே தைக்கலாம்

சென்னையில் மாலை 6 மணிக்கு மேல் எந்த மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஆபீஸ் விட்டு பஸ் பிடிக்க ஓடும் இளம் தகப்பனார் ஒருவர், கையில் டிபன் பையோடு வந்து "டயப்பர் ஒரு பாக்கெட் கொடுங்க" என்பார். பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பார்ப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சின்ன பாக்கெட்டே போதும்" என்பார்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் தயங்குவதில் தப்பே இல்லை. ஒரு டயப்பர் 10 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நாளைக்கு 5 வீதம் மாசத்துக்கு 1,500 ரூபாய். குழந்தைக்கு 2 வயசு ஆகும்வரை கட்டினால் 36 ஆயிரம் ரூபாய்! 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் டயப்பருக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதாவது 112 ரூபாய் பாக்கெட் 105 ரூபாய் ஆகும். அவ்வளவுதான்.

இத்தனை பணமும் கடைசியில் போய்ச் சேருவது எங்கே? தெருக்கோடி குப்பைத் தொட்டிக்கு!

கையால் எடுப்பது யார்?

வீட்டில் சுருட்டிக் கட்டிப் போட்டதோடு நம் வேலை முடிந்தது. அதைப் பிரித்து எடுப்பவர் தூய்மைப் பணியாளர். 2016-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த திடக்கழிவு விதிகளில், டயப்பரை உறையில் சுற்றித்தான் போட வேண்டும், அந்த உறையை கம்பெனிக்காரர்களே கொடுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. எத்தனை வீட்டில் சுற்றிப் போட்டார்கள் என்பதை தொட்டியைத் திறந்து பார்த்தாலே தெரியும்!

சில பேர் இன்னும் ஒரு படி மேலே போய், கக்கூசில் போட்டு தண்ணீர் ஊற்றி விடுகிறார்கள். டயப்பருக்குள் இருப்பது சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடி. தண்ணீர் பட்டால் தன் எடையைப் போல் பல மடங்கு குடித்து ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி உப்பி விடும். குழாய் வளைவில் போய் உட்கார்ந்தால் ஒண்டுக் குடித்தனம் மொத்தமும் மூக்கைப் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தாத்தா வேட்டி

இந்தத் தொல்லை எதுவும் இல்லாத ஒரு வழி நம்ம வீட்டு பீரோவிலேயே மடித்துக் கிடக்கிறது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவது இங்கே நெடுநாள் வழக்கம். சாஸ்திரம் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதில் விஷயமும் இருக்கிறது. துவைத்துத் துவைத்து கஞ்சியெல்லாம் போன பருத்தித் துணிதான் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். பிஞ்சு உடம்பை உறுத்தாது.

ஒரு முழம் 18 அங்குலம். எட்டு முழ வேட்டி 144 அங்குல நீளம். அகலம் சுமார் 50 அங்குலம். இரண்டு பக்கமும் கரையை வெட்டி எறியுங்கள். ஜரிகை இருந்தால் குழந்தையின் தொடையைக் கீறி விடும். மீதியில் 24 அங்குலச் சதுரமாக வெட்டினால் அகலத்துக்கு 2, நீளத்துக்கு 6. ஆக 12 துண்டு! ஓரத்தை மடித்து அடித்து, முக்கோணமாக மடித்துக் கட்டினால் கைக்குழந்தைக்குப் பிரமாதம். கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் 6 துணி தேறும்.

ஒரு எச்சரிக்கை. பளபளவென்று இருக்கும் பாலியஸ்டர் கலந்த வேட்டி உதவாது. சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவி தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணி மாதிரி கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். அதைத் தரை துடைக்கக்கூட வைத்துக் கொள்ளாதீர்கள், அதற்கும் தண்ணீர் உறிஞ்சாது!

உடுக்கை மாதிரி வெட்டணும்

கடை டயப்பர் மாதிரியே பொருத்தமாக வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. குழந்தைக்குச் சரியாக இருக்கும் டயப்பர் ஒன்றை எடுத்து, எலாஸ்டிக்கை இழுத்து நீட்டி, படித்து முடித்த பேப்பர் மேல் வைத்து பென்சிலால் கோடு போடுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விடுங்கள். வெட்டியதும் இரண்டு முனையும் அகன்று, இடுப்பு குறுகி, உடுக்கை மாதிரி இருக்கும்.

உடம்பில் படும் பக்கத்துக்கு பனியன் துணி. திருப்பூர் கட்பீஸ் கிலோ கணக்கில் விற்கிறது. அப்பாவின் பழைய பனியனும் போதும், காசு மிச்சம். வெளிப்பக்கத்துக்கு கெட்டிப் பருத்தி. புதுத்துணி என்றால் இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி, 5 மாசக் குழந்தைக்குத் தைத்தது பொம்மைக்குத்தான் ஆகும்.

இரண்டு துணியின் நல்ல பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி வைத்து, பின் இடுப்பில் நாலு விரல் இடைவெளி விட்டு சுற்றி அடியுங்கள். அந்த ஓட்டை வழியாகத் திருப்பினால் தையல் உள்ளே போய் விடும். பனியன் துணி மெஷின் பல்லில் சிக்கி இழுபடும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தைத்து விட்டு தாளைக் கிழித்தால் ஒழுங்காக வரும். தொடை வளைவில் இன்னொரு தையல் ஓட்டி, அந்தச் சந்துக்குள் கால் அங்குல எலாஸ்டிக்கை ஊக்கில் மாட்டிச் செலுத்தி இரண்டு முனையையும் அடித்து விட வேண்டும். கட்டிய பிறகு தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழையணும். பிறகு ஓட்டையை மூடி விடலாம். இடுப்பில் கட்ட நாடா போதும். ஒட்டுப்பட்டி வைத்தால் சுரசுரப்பான பக்கம் சதையில் படாமல் பார்த்துக் கொள்ளணும்.

நடுவில் வைக்கும் மெத்தைதான் முக்கியம். பழைய தேங்காய்ப்பூ துண்டில் 5 அங்குல அகலம், 12 அங்குல நீளத்துக்கு இரண்டு மூன்று மடிப்பு போட்டு அடியுங்கள். இதை துணியோடு சேர்த்துத் தைக்கவே கூடாது. தனியாக உள்ளே வைக்கணும். சேர்த்துத் தைத்தால் ஐப்பசி மழையில் மூன்று நாளானாலும் காயாது!

வெளியே கசியாமல் இருக்க பிளாஸ்டிக் ஜட்டி போடுகிறவர்கள் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்கு அது ஆகாத வேலை. உள்ளே புழுங்கிப் புண்ணாகி விடும். குழந்தைக்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்தால் போதும்.

இந்த மாதிரி தையல் மெஷினில் உட்கார்ந்து யோசித்தே ஒரு பெண் கோடி பார்த்திருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த மரியன் டோனவன் 1946-ல் குளியலறைத் திரையை வெட்டி குழந்தைக்கு ஈரம் கசியாத மேலுறை தைத்தார். கம்பெனிக்காரர்கள் கையை விரித்தார்கள். அவரே கடைக்குக் கொடுத்து விற்றார். 1951-ல் அதன் உரிமையை 10 லட்சம் டாலருக்கு விற்று விட்டார்!

யார் துவைப்பது?

"தைக்கிறது சரி, இதையெல்லாம் யாரு தொவைக்கிறது?" என்று எந்த வீட்டிலும் கேள்வி வரும். நியாயமான கேள்வி. பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 10, 12 தடவைக்கு மேல் நனைக்கும். குறைந்தது 24 துணி கையில் இருந்தால்தான் சமாளிக்கலாம். ஆபரேஷனில் பிள்ளை பெற்ற தாயை பக்கெட் முன்னால் உட்கார வைப்பது பாவம். டயப்பர் விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் ஐயாக்கள் எத்தனை பேர் அந்தப் பக்கெட் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள்?

தண்ணீரும் சும்மா வருவதில்லை. 2019 ஜூன் மாதம் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற நாளில் துணி கட்டுவது பெரும்பாடாகத்தான் இருந்திருக்கும். இங்கிலாந்து சுற்றுச்சூழல் துறை 2008-ல் வெளியிட்ட ஆய்விலும், துணி என்பதாலேயே உசத்தி இல்லை என்றுதான் சொன்னார்கள். மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால்தான் லாபம். வெயிலும் கொடியும் நமக்குப் பஞ்சமில்லை.

துவைப்பதிலும் ஒரு முறை உண்டு. மலத்தை கக்கூசில் தட்டி விட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசணும். எடுத்ததுமே வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக் கொள்ளும். பிறகு சோப்பு, பிறகு சோப்பு போகும்வரை அலசல். வாசனைத் திரவம் எதுவும் ஊற்ற வேண்டாம், துணி உறிஞ்சாமல் போய் விடும். கஞ்சி கூடவே கூடாது. மழைக்காலத்தில் அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் காய்ந்து விடும்.

துணி நனைந்ததும் உடனே மாற்ற வேண்டும். ஈரத்தோடு விட்டால் சிவந்து புண்ணாகும். ஓரிரு நாளில் ஆறாமல் சிவப்புப் புள்ளி பரவினால் பவுடர் கொட்டிக் கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டி விடணும்.

ராத்திரிக்கும் ரெயில் பயணத்துக்கும் ஒரு டயப்பர் கட்டுவதில் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. பகலில் நாலு டயப்பர் குறைந்தாலே, மேலே போட்ட கணக்கில் மாசம் 1,200 ரூபாய் மிச்சம். எலாஸ்டிக், நாடா, நூல்கண்டு மூன்றும் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். குழந்தை எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகு, அந்தச் சதுரத் துணியெல்லாம் அப்பாவின் ஸ்கூட்டர் துடைக்கப் போய் விடும்.