நான்கு ரிக்டர் அதிர்வும் நான்கு உயிர்களும்

2017 ஜூன் 17 இரவு கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், கராட் ஃபியர்டு என்னும் குறுகிய கடற்கழியில், 4.1 அளவுள்ள நிலநடுக்கம் பதிவானது. உலகெங்கும் 4 முதல் 5 வரையிலான நிலநடுக்கங்கள் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பதிவாகின்றன. ஆள் அரவமில்லாத கரையில் வந்த இன்னொன்று யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். ஆனால் சற்று நேரத்திலேயே, நூறு பேர்கூட இல்லாத நூகாட்சியாக் என்ற சிற்றூருக்குள் கடல் புகுந்தது. பதினோரு வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன, நான்கு பேர் உயிரிழந்தார்கள். தொலைதூரக் கரையில் வரும் சிறிய அதிர்வை அதன் எண்ணை மட்டும் பார்த்து ஒதுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

4.1 அளவுள்ள நிலநடுக்கத்தால் சுனாமியை எழுப்ப முடியாது. அதற்குக் கடலடித் தரை பரந்த அளவில் மேலேறவோ கீழிறங்கவோ வேண்டும். பெரும்பாலும் 7 அளவையொட்டிய நிலநடுக்கங்களில்தான் அது நடக்கும். அப்படியானால் அன்று அலையை எழுப்பியது எது? ஃபியர்டுக்கு மேல் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து, கோடிக்கணக்கான கன மீட்டர் பாறை தண்ணீரில் விழுந்தது. அருகிலிருந்த கரையில் தண்ணீர் ஏறத்தாழ 90 மீட்டர் உயரம் வரை ஏறியது. கருவிகளில் நிலநடுக்கமாகப் பதிவானது அந்தப் பாறை விழுந்த அதிர்ச்சிதான். ரிக்டர் எண், நிலத்தின் வழியே வரும் அலைகளின் வலிமையைச் சொல்கிறது. அந்த அலைகளை உண்டாக்கியது எது, அது கடலை என்ன செய்யும் என்பவை அந்த எண்ணில் இல்லை. சரியும் மலையின் ஆற்றலில் மிகச் சிறிய பங்குதான் நில அலையாக மாறுகிறது. ஆகவே எண் சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று முடிவுகட்ட முடியாது.

இன்னும் வேதனையான செய்தி பின்னால் தெரிந்தது. நூகாட்சியாக்கிலேயே ஒரு நிலநடுக்கப் பதிவுக் கருவி இருந்தது. அதன் பதிவுகளை ஆராய்ந்தபோது, மலை சரிவதற்குச் சுமார் ஒன்பது மணி நேரம் முன்பிருந்தே ஒரே மாதிரியான மிக நுண்ணிய அதிர்வுகள் திரும்பத் திரும்ப வந்திருப்பதும், நேரம் நெருங்க நெருங்க அவற்றின் இடைவெளி குறைந்திருப்பதும் தெரிந்தன. பாறை நழுவத் தொடங்கியதன் அடையாளங்கள் அவை. கருவி கேட்டுக்கொண்டிருந்தது, அது கேட்டதை உடனுக்குடன் பிரித்துப் பார்க்க ஏற்பாடு இல்லை.

பத்தாயிரம் சிறு அதிர்வுகளையும் துரத்தினால் கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் துரத்தத் தேவையில்லை. சரியும் பாறையின் அதிர்வில் மெதுவாக ஆடும் நீண்ட அலைகள் மேலோங்கும். வேகமான குறும் அலைகள் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். இந்தச் சாயலோடு வரும் அதிர்வு செங்குத்தான ஃபியர்டுக் கரையில் பதிவானால், அந்தச் சிலவற்றையாவது உடனே சோதிக்கலாம். வீண் எச்சரிக்கை மக்களைச் சலிக்கவைக்கும் என்ற வாதம் இதைவிடக் கனமானது. நார்வேயில் வெஸ்லமானென் என்ற மலைப்பகுதி ரேடார் கண்காணிப்பில் இருந்தது. அடிவாரத்துக் குடும்பங்கள் பதினாறு முறை வெளியேற்றப்பட்டன. எரிச்சல் இருந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2019 செப்டம்பர் 5 அன்று மலை உண்மையிலேயே விழுந்தபோது ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அங்கே வாழ்பவர்கள் மிகச் சிலர்தானே என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. ஊர் சிறியது என்பதால் உயிரின் மதிப்பு குறையாது. அதோடு ஆபத்து அந்த ஒரு ஃபியர்டோடு நிற்கவும் இல்லை. 2023 செப்டம்பரில் கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியர்டில் சுமார் 2.5 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் சரிந்து 200 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை எழுப்பின. குறுகிய ஃபியர்டுக்குள் தண்ணீர் 92 விநாடிக்கு ஒருமுறை ஆடியதால் உண்டான அதிர்வு, ஒன்பது நாட்கள் உலகெங்குமுள்ள கருவிகளில் பதிவானது. சரிவை அடியில் தாங்கிநின்ற பனியாறு வெப்பத்தால் மெலிந்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சுற்றுலாக் கப்பல்கள் செல்லும் அந்தக் கழியில் அன்று கப்பல் எதுவும் இல்லாததால்தான் யாரும் சாகவில்லை. பூமி சூடாகச் சூடாக இப்படித் தாங்கல் இழக்கும் சரிவுகள் பெருகும். அவற்றின் அருகே வைக்கும் கருவிகளுக்கும், அவற்றை இரவும் பகலும் வாசிக்கும் ஆட்களுக்கும் டென்மார்க்கும் கிரீன்லாந்தும் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.