பிரேக் தட்டு நடுங்குவது ஏன்?

நுவரெலியாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு மோட்டார் வண்டியிற் கண்டிக்குத் திரும்பும் குடும்பங்கள் பல. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து இறம்பொடை வழியாக இறங்குகையில், சாரதியின் கால் பிரேக் மிதியை விட்டு அகலுவதேயில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே இறங்கினோம். சில நாட்களின் பின், பிரேக் பிடிக்குந்தோறும் ஸ்டியரிங் நடுங்கலாயிற்று. "தட்டு வளைந்துவிட்டது" என்றார் கராஜ்காரர். புதிய தட்டுகளைப் பூட்டினோம். இரண்டே மாதங்களில் பழைய நடுக்கம் திரும்பி வந்தது!

நிற்க. தட்டு உண்மையில் வளைந்ததா? பெரும்பாலும் இல்லை. சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பேட்கள் இறுகப் பற்றுவதே இவ்வகைப் பிரேக்கின் தத்துவம். 1953இல் இத்தகைய பிரேக் பூண்ட ஜாகுவார் வண்டி லெ மான் பந்தயத்தில் வென்றபின் இதன் புகழ் ஓங்கிற்று. தட்டின் கனம் இடத்துக்கிடம் 0.02 மில்லிமீற்றர் வேறுபட்டாலே நடுக்கம் தோன்றக்கூடும். கண்ணுக்கு அது புலனாகாது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் யாவை? சில்லு நட்டுகளைச் சமமாக இறுக்காவிடின் தட்டுக் கோணலாக அமரும். சில்லுக் குடத்தின் முகத்திற் படிந்த துருவும் அவ்வாறே செய்யும். கோணலான தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்திற் பேட்டுடன் உராய்ந்து, நாளடைவில் அங்கு மெலியும். பிஸ்டன் இறுகிப்போனால் பேட் ஓயாது உராயும். ஒரு சில்லு மட்டும் மிகச் சூடாயிருத்தல் இதன் அறிகுறி. மேலும், நன்கு சூடேறிய பிரேக்கை வண்டி நின்றபின்னும் அழுத்திக்கொண்டிருந்தால், பேட்டின் பொருள் தட்டில் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் பிடிக்காதபோதும் வண்டி நடுங்குமாயின் குற்றம் பெரும்பாலும் சில்லிலோ டயரிலோ இருக்கும். பிரேக் பிடிக்கையில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் முன் தட்டுகளை ஐயுறுக.

நம் வண்டியின் குற்றமோ துருவே. மற்றொரு கராஜில் முதியவர் ஒருவர் தட்டைக் கழற்றி, குடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தார். புதிய தட்டைப் பூட்டி, முள் காட்டும் அளவுமானியை வைத்துச் சுழற்றி, கோணல் இல்லையென உறுதி செய்தார். நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளக்கும் சாவியால் முறுக்கினார். அன்றுமுதல் நடுக்கமில்லை. முன்னர் பூட்டிய தட்டுகளின் பணந்தான் வீணாயிற்று.

சூடு மிகுந்தால் பிரேக்கின் பிடிப்பே குறையும். பின்னிருக்கையிற் குழந்தைகள் இருப்பதை மறவற்க. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அந்தக் கியரே என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. தட்டை மாற்றுமுன் காரணத்தைக் காணுங்கள். பணமும் மிஞ்சும், உயிருக்கும் காவலாகும்.