கூற நாணும் குறை



வட்டவளையைக் கடந்து அட்டனை நோக்கி ஏறும் புகையிரதம், சற்று நேரம் நின்று இளைப்பாறிச் செல்லும் சிறு நிலையம் றொசல்ல. ஆண்டின் பல மாதங்கள் மழையும் மூடுபனியும் நீங்காத இடம் அது. அதனை அண்டிய தோட்டங்களில் வாழும் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஓர் அரசாங்கப் பாடசாலையின் அதிபராக நான் கடமையாற்றுகின்றேன். நான் மருத்துவம் பயின்றவள் அல்லள், கலைப்பட்டதாரி. எனினும், மருத்துவத்தைச் சார்ந்த ஒரு செய்தியை இன்று உங்கள் முன் வைக்கத் துணிந்தேன். அதற்குக் காரணமானவர் ஒரு தாய்.

பத்தாந்தரத்தில் பயிலும் மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் பாடசாலைக்கு வாராதிருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. தாயாரை அழைத்து வருமாறு மும்முறை சொல்லியனுப்பிய பின்னர் அவர் வந்தார். நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கள் அம்மா" என்றேன். அவர் உட்காரவில்லை. "பரவாயில்லைங்க டீச்சர், நின்னுக்கிறேன்" என்றார். கால்மணி நேரம் பேசியும் நின்றபடியே நின்றார். எழுதுநரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் உண்மை வெளிவந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்தது முதல், இருமினால், தும்மினால், கொழுந்துச் சாக்கைத் தூக்கினால் தம்மை அறியாமலே சிறுநீர் கசிகின்றது என்றார். நாற்காலி நனைந்துவிடுமோ என்ற அச்சமே அவரை நிற்க வைத்தது. அதே அச்சத்தால் பஸ்ஸில் ஏறுவதில்லை. கோயில் திருவிழாவுக்குச் செல்வதில்லை. குறை மிகும் நாட்களில் மலைக்கும் போவதில்லை. பேர் விழாத நாட்களின் நட்டத்தை ஈடுசெய்ய, அவர் அயலாரின் துணிகளைத் தோய்த்துக் கொடுக்கிறார். அதற்கு உதவியாக மகள் வீட்டில் நிற்கிறாள்.

ஒரு பெண்ணின் உடலில் ஏற்பட்ட சிறு தளர்ச்சி, அவள் மகளின் கல்வி வரை வந்து எட்டிய விதத்தை அன்று கண்டேன். "இதுக்கெல்லாம் மருந்து இருக்குங்களா டீச்சர்? பொம்பளைன்னா இப்படித்தானே?" என்று அவர் கேட்டபோது என்னிடம் விடையில்லை. அவ்விடையைத் தேடி நான் அறிந்தவற்றையே இப்பொழுது கூறப்போகின்றேன்.

முதற்கண், இக்குறை யாதென்பதை அறிவோம். நம் இடுப்பெலும்பு அடிப்பாகம் இல்லாத ஒரு கிண்ணம் போன்றது. அக்கிண்ணத்தின் அடியை மூடி நிற்பது தசைகளாலான ஒரு விரிப்பு. முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரை, குழந்தையை இட்டு ஆட்டும் ஏணையைப் போல அது தொங்குகின்றது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவது இவ்வேணையே. சிறுநீர்வழி, பிறப்புவழி, மலவழி ஆகிய மூன்றும் இதனூடாகவே வெளியே வருகின்றன. ஏணை இறுக்கமாக இருக்கும்வரை இருமலின்போது வயிற்றினுள் எழும் அழுத்தம் சிறுநீர்வழியை அதன்மீது அமுக்கி மூடிவிடுகின்றது. ஏணை தளர்ந்தாலோ, அமுக்குதற்கு உறுதியான தளம் இல்லை. இறப்பர்க் குழாயைக் கருங்கல்லின் மேல் வைத்து மிதித்தால் நீர் நிற்கும். சேற்றில் வைத்து மிதித்தால் நில்லாது. அமெரிக்க மருத்துவ அறிஞர் டெலான்சி என்பார் 1994 ஆம் ஆண்டில் விளக்கிய கருத்தின் சாரம் இதுவே.

ஏணை ஏன் தளர்கின்றது? பிள்ளைப்பேறு முதற் காரணம். மாதவிடாய் நிற்கும் பருவத்து மாற்றம், உடற்பருமன், நெடுநாள் இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்கும் தொழில் ஆகியவை பிற காரணங்கள். நம் பெண்களின் வாழ்வை இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளை பெற்றுச் சில மாதங்களில் மீண்டும் மலையேறுகின்றனர். செங்குத்தான சரிவில், ஈரத்தில், கொழுந்துச் சுமையுடன் நடக்கின்றனர். குளிர்காற்றில் இருமுகின்றனர். மலையிலே மறைவிடம் இல்லாமையால் சிறுநீரை மணிக்கணக்காக அடக்குகின்றனர். அடக்க வேண்டுமே என்று நீர் அருந்துவதையும் குறைக்கின்றனர்.

இக்குறையில் இருவகை உண்டு. இருமும்போதும் தூக்கும்போதும் கசிவது ஒருவகை. இதனை அழுத்தக் கசிவு எனலாம். திடீரென அடக்கமுடியாத உணர்ச்சி எழுந்து, ஒதுங்குமிடம் சேருமுன் கசிந்துவிடுவது மற்றொரு வகை. இதனை அவசரக் கசிவு எனலாம். இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அவசரக் கசிவு உள்ளோர் நீரை அறவே குறைத்தலாகாது. சிறுநீர் கடுத்து, பையை மேலும் உறுத்தும். குறைக்க வேண்டியது ஒன்றுண்டு. அது நாம் பறித்துத் தரும் தேயிலையின் சாயமே! தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் என்னும் பொருள் அவசர உணர்ச்சியை மிகுவிக்கக் கூடியது.

இனி, பரிகாரம் யாது? தளர்ந்த கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்து வலுவூட்டுவது போல, இத்தசைக்கும் பயிற்சி கொடுக்கலாம். இங்கிலாந்தில் மார்கரெட் மொரிஸ் என்னும் நடனக்கலை அம்மையார் 1936 ஆம் ஆண்டிலேயே இத்தகைய பயிற்சியைக் குறித்து எழுதினார். 1948 ஆம் ஆண்டில் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் இதனை முறையான சிகிச்சையாக வெளியிட்டார். அவர் பெயராலேயே இன்றும் இது கீகல் பயிற்சி என வழங்குகின்றது. 2018 ஆம் ஆண்டில் கொக்ரேன் என்னும் ஆய்வுக் கூட்டமைப்பு, 14 நாடுகளில் 1817 பெண்களிடம் நடந்த 31 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. அழுத்தக் கசிவு உள்ள பெண்களுள், பயிற்சி செய்தோரில் நூற்றுக்கு 56 பேர் குணமடைந்ததாகக் கூறினர். பயிற்சி செய்யாதோரில் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு 6 பேரே. மருந்துமின்றிக் கத்தியுமின்றிக் கிடைக்கும் பயன் இது.

பயிற்சியின் முறையைக் கூறுகின்றேன், செவிமடுங்கள். படுத்தோ உட்கார்ந்தோ உடலைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வாயு பிரியாதபடி அடக்குவது போலவும், அதே வேளை சிறுநீரை நிறுத்துவது போலவும் அடித்தசையை உள்ளும் மேலும் இழுங்கள். வயிற்றையோ பிட்டத்தையோ தொடையையோ இறுக்கலாகாது, மூச்சை அடக்கலாகாது. சில விநாடிகள் பிடித்திருந்து, பின்னர் முழுவதுமாகத் தளர்த்துங்கள். பிடித்த அளவு நேரம் ஓய்வும் கொடுங்கள். ஒரு வேளைக்கு 8 முறையேனும், நாளொன்றுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் செய்தல் வேண்டும் என்பது பிரித்தானிய நாட்டின் தேசிய மருத்துவ வழிகாட்டல். வலு ஏற ஏறப் பிடிக்கும் நேரத்தைப் பத்து விநாடி வரை நீட்டலாம். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகுதல் கூடாது. தசையை இனங்காண ஒருமுறை செய்து பார்க்கலாம். அதுவே பழக்கமானால் பை சரிவர வெறுமையாகாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. இருமல் வருமுன்னும், சாக்கைத் தூக்குமுன்னும் தசையை இறுக்கிக்கொண்டு, அதன் பின்னரே இருமுதல் அல்லது தூக்குதல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் முதிய பெண்கள் சிலருக்கு இதனைக் கற்பித்து, ஒரே வாரத்தில் இருமும்போது ஏற்படும் கசிவு பெரிதும் குறைந்ததை 1998 இல் வெளியிட்டனர்.

இவ்வளவு எளிதாயின் வானொலியில் கேட்டதும் யாவரும் செய்துவிடலாமே என்று நீங்கள் எண்ணலாம். இங்கேதான் ஓர் இடர் இருக்கின்றது. இத்தசை கண்ணுக்குத் தெரிவதன்று. முதன்முறை முயலும் பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் தவறான தசையையே இறுக்குகின்றனர். சிலர் உள்ளே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகின்றனர். முக்குவது ஏணையை மேலும் தளர்த்தும். ஆகவே, சரியாகச் செய்கின்றோமா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மூன்று மாதமும் தளராது ஊக்குவிக்க ஒருவர் வேண்டும். அவரே இயன்மருத்துவர். ஆனால் தோட்டத்திலிருந்து நகர வைத்தியசாலைக்கு ஒருமுறை சென்றுவர ஒரு நாள் கழிகின்றது; ஒரு நாட் பேர் போகின்றது; பஸ்ஸில் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கின்றது. கசிவுக்கு அஞ்சிப் பஸ்ஸில் ஏறாத பெண்ணை, அதே கசிவுக்கு மருந்து தேடிப் பஸ்ஸில் பலமுறை வா என்றால் அவள் எங்ஙனம் வருவாள்?

இவ்விடரைத் தீர்க்கவே தொலைவிலிருந்து பயிற்சியளிக்கும் முறை தோன்றியது. 2006 ஆம் ஆண்டில் ஹொங்கொங்கில் 58 முதிய பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் தாதியை நேரிற் கண்டனர். மறு பகுதியினர் தம் ஊர் நிலையத்தில் இருந்தபடி திரையில் கண்டு பயின்றனர். எட்டு வார முடிவில் இரு பகுதியினரும் ஒத்த பயனடைந்தனர். சுவீடனில் 250 பெண்களிடம் செய்து 2013 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. ஒரு பகுதியினருக்கு இணையத்தின் வழியே பாடமும் ஊக்கமும் வந்தன. மற்றப் பகுதியினருக்குத் தபாலில் அச்சிட்ட பாடம் மட்டும் வந்தது. எவரும் மருத்துவரை நேரிற் காணவில்லை. இரு பகுதியினரும் தெளிவாக முன்னேறினர். தாம் மிகவும் தேறியதாகக் கூறியோர் ஊக்கம் பெற்ற பகுதியிலேயே மிகுதி. 2017 இல் அந்நாட்டினரே 123 பெண்களிடம் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைச் சோதித்து நற்பயன் கண்டனர். 2020 ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று வைத்தியசாலைக் கதவுகளை அடைத்தபோது, இம்முறை பல நாடுகளில் பரவியது.

சுவீடன் எங்கே, நமது லயம் எங்கே என்று நேயர்கள் கேட்பது எனக்குக் கேட்கின்றது. அந்த ஐயம் நியாயமானதே. லயத்துக் காம்பறாவில் ஆறேழு பேர் வாழ்கின்றனர், தனிமை இல்லை. தொலைபேசி பெரும்பாலும் கணவரிடமோ மகனிடமோ இருக்கின்றது. மலையிடுக்கில் அலைவரிசை எட்டாத இடமும் உண்டு. ஆயினும், விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையன்று. சாதாரண தொலைபேசியும், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், வாரத்தில் இருபது நிமிடமும் போதும். அவ்வறை பாடசாலையில் இருக்கலாம், பிள்ளைக்காம்பறாவில் இருக்கலாம், தோட்ட மருந்தகத்தில் இருக்கலாம்.

முதற்படி எது? வீடுதேடி வரும் குடும்பநல மாதுவிடம் கூறுவதே முதற்படி. 1996 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மகளிர் சுகநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதான பெண்களை அழைத்து, குருதியழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைச் சோதிக்கும் இடம் அது. அங்கே பெண்ணிடமே இதனைச் சொல்லலாம். டிக்கோயாவில், நம்மவர் கிளங்கன் என்று வழங்கும் வைத்தியசாலை, இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் பெற்று 2017 இல் திறக்கப்பட்டது. அதன் வெளிநோயாளர் பகுதியிலும் கேட்டறியலாம்.

ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் தொலைபேசியால் தீர்த்துவிட முடியாது. சிறுநீரில் குருதி, கடுப்பு, காய்ச்சல், பிறப்புவழியில் ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்ச்சி, பிரசவத்தின் பின் இடைவிடாத ஒழுக்கு ஆகியவை இருப்பின் வைத்தியரை நேரிற் காணுதல் வேண்டும். சிறுநீர் வெளியேறாமல் அடைத்துக்கொண்டாலோ, கால் மரத்துப்போனாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். நீரிழிவும் சிறுநீர்த்தொற்றும் கசிவுக்குக் காரணமாகலாம்; அவற்றைச் சோதித்த பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் நன்று.

ஆண் நேயர்களுக்கும் ஒரு சொல். உங்கள் மனைவியோ தாயோ திருவிழாவுக்கு வர மறுத்தால், "சோம்பல்" என்று கூறுமுன் சற்றுச் சிந்தியுங்கள். தொலைபேசியை அரைமணி நேரம் கொடுத்து வெளியே சென்றிருங்கள். அதுவும் ஒரு மருத்துவ உதவியே. தோட்ட நிருவாகத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். மலையிலே பெண்கள் ஒதுங்க மறைவிடம் அமைப்பது பெருஞ்செலவன்று.

அந்தத் தாயின் கதையை முடிக்க வேண்டுமல்லவா? குடும்பநல மாதுவின் வழியாக அவர் ஒருமுறை நகரிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று சோதனை செய்துகொண்டார். அங்கிருந்த இயன்மருத்துவப் பெண்மணி ஒருவர், அதன் பின்னர் இரு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேச உடன்பட்டார். பாடசாலை விட்ட பின் என் அறையையும் என் தொலைபேசியையும் கொடுத்துவிட்டு நான் தாழ்வாரத்தில் இருப்பேன். முதல் மாதம் மாற்றம் ஏதும் இல்லை. அவர் கைவிட எண்ணினார். "பயிர் முளைக்க நாள் வேண்டும்" என்று அப்பெண்மணி தடுத்தார். மூன்றாம் மாதத்தில் இருமலின் கசிவு ஏறக்குறைய நின்றது. நிறைந்த சாக்கைத் தூக்கும்போது இன்னும் சில வேளை கசிகின்றது என்கிறார்; பயிற்சியை விடவில்லை. மகள் இப்போது ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகின்றாள்.

சென்ற தவணைப் பெறுபேற்றை வாங்க அவர் வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகளின் கணித மதிப்பெண் ஏன் குறைந்தது என்று என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

இக்குறையை உடையோர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். இது வெட்கத்துக்குரியதன்று, விதியுமன்று, பயிற்சியால் திருந்தக்கூடியது. இன்றிரவே ஒருவரிடமாவது வாய்திறந்து கூறுங்கள்.