ஒரே அணியில் கடைசி வரை

டாலஸ் நகரத்துக் கூடைப்பந்து அரங்கின் வாசலில் டர்க் நோவிட்ஸ்கிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். ஒரு முழங்காலை உயர்த்தி, பின்னால் சாய்ந்தபடி பந்தை எறிகிற, அவருக்கே உரிய நிலை. 2022 கிறிஸ்துமஸ் அன்று திறந்தது. அந்த எறிதலுக்கு 'ஃபேட்அவே' என்று பெயர். மங்கிப் போவது என்றும் பொருள் வரும். சிலேடையை விடுவார்களா? விசுவாசம் மங்குவதில்லை என்று பொருள்படப் பீடத்தில் பொறித்துவிட்டார்கள்.

2025 பிப்ரவரித் தொடக்கத்தில் ரசிகர்கள் அங்கே ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் இறந்துவிடவில்லை. டாலஸ் மேவரிக்ஸ் நிர்வாகம் 25 வயது லூக்கா டோன்சிச்சை நள்ளிரவில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆந்தனி டேவிஸை வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான். இதை 'ட்ரேட்' என்கிறார்கள். பண்டமாற்று என்பதே சரியான தமிழ் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் 2010 ஆகஸ்டில் முதுகலைப் பொறியியல் படிக்க டெக்சஸ் வந்தவன். கிரிக்கெட் தவிர எந்த ஆட்டமும் தெரியாது. அப்போது நாடே லெப்ரான் ஜேம்ஸைத் திட்டிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் கிளீவ்லாந்துக்கு ஆடியவர், அந்த ஜூலையில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வைத்து, மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்திருந்தார். கிளீவ்லாந்தில் அவர் பெயர் போட்ட சட்டைகளை எரித்தார்கள். அடுத்த ஜூனில் இறுதிச் சுற்றில் மோதியவை மயாமியும் டாலஸும். ஒரு பக்கம் விட்டுப் போனவர், மறுபக்கம் 13 பருவங்களாக நகராத நோவிட்ஸ்கி. அறைத்தோழர்கள் நால்வரும் பழைய டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். டாலஸ் 4-2 என்று வென்றது. செஞ்சோற்றுக்கடன் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிலிருந்து நான் மேவரிக்ஸ் ரசிகன். மாபெரும் ஆட்டக்காரன் என்றால் ஒரே அணியில் இருப்பான் என்றும் நம்பத் தொடங்கினேன்.

நம்பிக்கையைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம். இருந்தவர்கள் உண்டு. பில் ரஸ்ஸல் 13 பருவங்கள் பாஸ்டனுக்கு மட்டும் ஆடி 11 பட்டங்கள் வென்றார். லேரி பேர்டும் பாஸ்டனை விட்டுப் போகவில்லை. மேஜிக் ஜான்சன், ஜெர்ரி வெஸ்ட், கோபி பிரயன்ட் மூவரும் லேக்கர்ஸ். டேவிட் ராபின்சனும் டிம் டங்கனும் சான் ஆன்டோனியோ. ரெஜி மில்லர் இண்டியானாவில் 18 பருவங்கள், ஜான் ஸ்டாக்டன் யூட்டாவில் 19. இருவருக்கும் ஒரு பட்டம்கூடக் கிடைக்கவில்லை. நோவிட்ஸ்கி 21 பருவங்கள், 2019 வரை. ஸ்டீஃபன் கரி 2009இல் கோல்டன் ஸ்டேட்டில் சேர்ந்து நான்கு பட்டங்களும் அங்கேயே வாங்கியவர்.

போனவர்கள் பட்டியல் இதைவிட நீளம். வில்ட் சேம்பர்லின், கரீம் அப்துல் ஜப்பார், கெவின் டுரன்ட் எல்லாரும் மாறியவர்கள். ஷகீல் ஓநீல் ஆறு அணிகள். சிகாகோவின் மறுபெயரான மைக்கேல் ஜோர்டன்கூடக் கடைசி இரண்டு பருவங்களை வாஷிங்டனில் ஆடினார். ஹூஸ்டனின் ஹக்கீம் ஒலாஜுவான் டொரான்டோ சட்டையில் முடித்தார். ஸ்டாக்டனோடு 18 பருவங்கள் ஆடிய கார்ல் மலோன், பட்டம் ஒன்றாவது வேண்டுமென்று 40 வயதில் லேக்கர்ஸுக்குப் போனார். அங்கும் இறுதிச் சுற்றில் தோல்வி.

(அணிகளே ஊர் மாறுவது தனிக்கதை. ஏரிகள் நிறைந்த மின்னசோட்டாவில் வைத்த பெயர் 'லேக்கர்ஸ்', 1960இல் லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. ஜாஸ் இசை பிறந்த நியூ ஆர்லியன்ஸின் அணி 1979இல் யூட்டாவுக்குப் போனது, பெயரை மாற்றாமல்.)

இருந்தவர்களையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் விசுவாசம் கலங்கலாகத்தான் தெரிகிறது. டங்கன் 2000இல் ஆர்லாண்டோ போய்விடும் விளிம்பில் இருந்தார். கோபி 2004இல் எதிர் அணியான கிளிப்பர்ஸோடு பேசினார். 2007இல் என்னை வேறெங்காவது அனுப்புங்கள் என்று பகிரங்கமாகவே கேட்டார். 2008 பிப்ரவரியில் லேக்கர்ஸ் பாவ் கசோலைக் கொண்டுவந்தது, அடுத்த இரண்டு பருவங்களில் இரண்டு பட்டங்கள் வந்தன, பேச்சு அடங்கியது. பட்டம் வரும் இடத்தில் விசுவாசம் சுலபம். ஸ்டாக்டனையும் மில்லரையும் நான் அதிகம் மதிப்பது அதனால்தான்.

ரஸ்ஸல், வெஸ்ட் காலத்து ஆட்டக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் போக வழியே இல்லை. கல்லூரி முடித்து வருபவனை 'டிராஃப்ட்' என்ற முறையில் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். அவன் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. இது இன்றும் உண்டு. அன்று ஒப்பந்தத்தில் கூடுதலாக ஒரு வாசகம் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அணி நினைத்தால் ஒருதலையாக நீட்டித்துக்கொள்ளலாம், முடிவே இல்லாமல். ஆட வேண்டுமானால் அங்கே ஆடு, இல்லையேல் வீட்டுக்குப் போ. 1970இல் ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1976இல் சமரசமானது, அந்த வாசகம் ஒழிந்தது. அப்போதும் பழைய அணிக்குச் சில பிடிகள் மிஞ்சின. 1988இல்தான் முழுச் சுதந்திரம். அதன்படி முதலில் வெளியேறியவர் டாம் சேம்பர்ஸ், சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. ராபர்ட்சனின் கையெழுத்து இல்லாமல் லெப்ரானின் தொலைக்காட்சி நிகழ்ச்சி இல்லை.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. காரணம் என் மேசையில் இருக்கும் ஒரு கண்ணாடிக் கட்டி. பத்தாண்டு விசுவாசமான பணிக்காக என் கம்பெனி கொடுத்தது. 2012இல் சேர்ந்தேன். 2013இல் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை எப்படி நகரும் என்பது இதைப் படிக்கும் பலருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலை மாறலாம், தடையில்லை; வரிசையில் இடம் தப்பும், ஆனால் தாள்களையெல்லாம் புதுக் கம்பெனி முதலிலிருந்து போட வேண்டும், நடுவில் ஏதாவது சறுக்கினால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டும். அந்தப் பயத்துக்குத்தான் விசுவாசம் என்று பெயர் வைத்துக் கண்ணாடியில் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் லெப்ரானைத் திட்டியதில் பொறாமையும் கொஞ்சம் இருந்திருக்கும்.

கூடைப்பந்துக்கு வருவோம். கட்டிப்போடுவது சட்டப்படி முடியாது என்றானதும் காசால் கட்ட வழி தேடினார்கள். 1984-85 பருவத்திலிருந்து ஓர் அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் தரலாம் என்று உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு 36 லட்சம் டாலர். நம் ஊர் நில உச்சவரம்பைப் போலவே இதிலும் ஓட்டைகள். முக்கியமானது, தன் சொந்த ஆட்டக்காரனைத் தக்கவைக்க அணி வரம்பை மீறலாம் என்பது. லேரி பேர்டின் பெயராலேயே அதை 'பேர்ட் விதி' என்கிறார்கள். 2017இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஏழெட்டு ஆண்டு ஆடி, பெரிய விருதுகளும் பெற்றவனுக்கு உச்சவரம்பில் 35 சதவீதம் வரை ஒருவனுக்கே தரலாம். ஆனால் தருவதற்கு உரிமை அவனை டிராஃப்டில் எடுத்த அணிக்கோ, முதல் ஒப்பந்தக் காலத்திலேயே வாங்கிய அணிக்கோ மட்டும். இருந்தால் பணம், போனால் இழப்பு. நட்சத்திரங்கள் நிலைத்து நிற்பார்கள் என்று கணக்கு.

டோன்சிச் விஷயத்தில் கணக்கு தலைகீழானது. 2025 கோடையில் அவருக்கு அந்தத் தகுதி வரவிருந்தது, ஐந்தாண்டுக்கு 34.5 கோடி டாலர் அளவில் இருக்கும் என்று பேசப்பட்டது. அத்தனை பெரிய தொகையை எண்ணியும், அவருடைய உடற்தகுதியை எண்ணியும் நிர்வாகம் தயங்கியதாகச் செய்திகள் வந்தன. ஆட்டக்காரனை நிறுத்திவைக்கச் செய்த விதி, அணி அவனைத் தள்ளிவிட ஒரு காரணமாயிற்று. அவர் போகிறேன் என்று கேட்கவில்லை. மறுக்கும் உரிமையும் அவருக்கு இல்லை. தன்னை மாற்றக்கூடாது என்று நிபந்தனை போட லீகில் எட்டு ஆண்டும் அந்த அணியில் நான்கு ஆண்டும் ஆகியிருக்க வேண்டும். அவருக்கு அது ஏழாவது பருவம். லேக்கர்ஸுக்குப் போனதும் பெருந்தொகைக்கான தகுதியும் போயிற்று. ஆகஸ்டில் அங்கே மூன்றாண்டுக்கு 16.5 கோடிக்குக் கையெழுத்திட்டார். (இவருக்காகக் கண்ணீர் விட வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.)

நோவிட்ஸ்கியிடம் அந்த நிபந்தனை இருந்தது. அதைவிட, 2000இல் அணியை வாங்கிய மார்க் க்யூபன் என்ற ஒரே முதலாளி அவர் ஓய்வு பெறும்வரை இருந்தார். 2014இல் மற்ற அணிகள் பல மடங்கு தரத் தயாராக இருந்தபோது நோவிட்ஸ்கி மூன்றாண்டுக்கு 2.5 கோடிக்கு ஒப்புக்கொண்டார் என்றால், மறுபக்கத்தில் யார் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. க்யூபனும் மகான் அல்ல. நோவிட்ஸ்கியின் நெருங்கிய நண்பர் ஸ்டீவ் நாஷை 2004இல் கணக்குப் பார்த்து விட்டுவிட்டார், நாஷ் ஃபீனிக்ஸ் போய் அடுத்த இரண்டு ஆண்டும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2023 டிசம்பரில் க்யூபன் பெரும்பங்கை விற்றார். பதினான்கு மாதங்களில் டோன்சிச் டாலஸில் இல்லை. லேக்கர்ஸ் சட்டையில் அவர் ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்க நோவிட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் போய் உட்கார்ந்திருந்தார்.

2025 ஏப்ரல் 9 அன்று டோன்சிச் எதிரணியாக டாலஸ் வந்தார். ஆட்டத்துக்கு முன் பழைய காட்சிகளைத் தொகுத்துத் திரையில் ஓட்டினார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் 45 புள்ளிகள் எடுத்தார். சொந்த ஊர்க் கூட்டம் எதிரணிக்காரனுக்குக் கைதட்டியது. அந்த முடிவை எடுத்த பொது மேலாளரை நவம்பரில் நீக்கினார்கள்.

அதே வசந்தத்தில் எங்கள் அலுவலகத்தில் 19 வருடம் வேலை பார்த்த ஒருவரை, அமெரிக்கர், எந்த விசாவும் அவரைக் கட்டவில்லை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை கால் மணி நேர வீடியோ அழைப்பில் அனுப்பிவிட்டார்கள். அவரிடமும் கண்ணாடிக் கட்டிகள் இருந்தன, மூன்று. பெட்டியில் எடுத்து வைக்க நான்தான் உதவினேன். என்னுடைய தேதி இப்போது வரிசையின் முன்பக்கம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. கார்டு கைக்கு வந்த பிறகும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனா என்று மனைவி கேட்கிறாள். ரெஜி மில்லர் 18 வருடம் இருந்தாரே என்றேன். அவருக்கு என்ன சம்பளம் என்று கேட்டாள்.