வெண்கலத்தில் எந்தத் தொப்பி?

கர்க்லாண்டின் பூங்காக்களிலே கோடைகாலச் சனிக்கிழமை மாலைகளில் எம்மவர் பிள்ளைகளும் பேஸ்போல் விளையாடுவதைக் காணலாம். பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட்-டெ-நெய்ஜிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வைத் தொடங்கிய குடும்பங்கள் சில பின்னாளில் மேற்குத் தீவுப் பக்கம் வீடு வாங்கி வந்து சேர்ந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இவர்கள். கடந்த கோடையில் அப்படியொரு மாலைப் பொழுதில் ஒன்பது வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் என் தலையைச் சுட்டிக்காட்டி, "மாமா, இந்த அணி எங்க விளையாடுது?" என்று கேட்டான்.

சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மூன்று நிறங்கள் கொண்ட பழைய தொப்பி அது. மொன்றியல் எக்ஸ்போஸ் அணி 1991 வரை அணிந்தது. "இப்ப எங்கயும் விளையாடுறதில்லை, தம்பி" என்றேன்.

"அப்ப ஏன் போட்டிருக்கிறீங்கள்?"

நியாயமான கேள்வி. உடனே மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1969ஆம் ஆண்டு பிறந்த அணி எக்ஸ்போஸ். அமெரிக்காவின் பெரும் பேஸ்போல் சங்கத்திலே அந்நாட்டுக்கு வெளியிலிருந்து இடம்பெற்ற முதலாவது அணி. 1967இல் மொன்றியலில் நடைபெற்ற உலகக் கண்காட்சியின் பெயரே அதற்கு இடப்பட்டது. முதல் எட்டு ஆண்டுகள் ஜாரி பூங்காவிலிருந்த சிறிய மைதானத்தில் விளையாடியது. வலப்புற வேலிக்கு அப்பால் ஒரு நீச்சல் தடாகம் இருந்தது. பிற்ஸ்பேர்க் அணியின் வில்லி ஸ்ராஜல் அடித்த பந்துகள் அந்தத் தடாகத்திலே போய் விழுந்த கதையை இன்றும் முதியவர்கள் சொல்வார்கள். அப்பூங்காவின் அயலிலேதான் பின்னர் எம்மவரில் பலர் குடியேறினர் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஒரு சிறு பெருமை. ஆயினும் 1983இன் பின் நாம் வந்திறங்கியபோது அணி அங்கிருந்து போய்விட்டது. 1977 முதல் அதன் வீடு, நகரின் கிழக்கே உள்ள ஒலிம்பிக் அரங்கு.

கிரிக்கெற்றோடு வளர்ந்த கண்ணுக்கு இந்த விளையாட்டு முதலில் வெறும் குழப்பமாகவே தெரியும். மட்டை உருளை வடிவம். பந்து நிலத்தில் படாமல் வரும். அடித்தவன் ஓடியே தீரவேண்டும். எனக்கு இதைக் கற்பித்தது வானொலி. கோஃபி பிரெஞ்சு வகுப்பிலே வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இரவிலே உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவும்போது, ஜாக் டூசே அவர்களின் குரல் கேட்கும். 1972 முதல் அணியின் கடைசி நாள் வரை பிரெஞ்சு மொழியில் வர்ணனை செய்தவர் அவர். வேகமின்றி ஆடி அசைந்து வரும் ஒருவகைப் பந்துக்குப் பிரெஞ்சிலே வண்ணத்துப்பூச்சிப் பந்து என்று பெயர். வகுப்பறையில் ஏறாத மொழி அந்தப் பெயரோடு என்னுள்ளே ஏறியது எனலாம்.

எனக்குப் பிடித்த வீரர்களைப் பற்றிச் சொல்வதானால் கரி கார்ட்டரிலிருந்து தொடங்குவதே முறை. கிரிக்கெற்றின் விக்கெற் காப்பாளரைப் போன்று அடிப்பவருக்குப் பின்னே குந்தியிருந்து பந்து பிடிப்பவர் அவர். ஓயாத சிரிப்பு. கையொப்பம் கேட்கும் பிள்ளையை மறுத்தனுப்பாத பண்பு. 1984 டிசம்பரில் நியூயோர்க் மெற்ஸ் அணிக்கு அவரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 1986இல் மெற்ஸ் உலகத் தொடரை வென்றது. அத்தொடரின் ஆறாவது ஆட்டத்திலே, இருவர் ஆட்டமிழந்து தோல்வி வாசலில் நின்ற வேளையில், முதலாவது அடியை அடித்து அணியை மீட்கத் தொடங்கியவர் கார்ட்டர். அவர் 1992இல் எம்மிடம் திரும்பி வந்தார். செப்ரெம்பர் 27ஆம் நாள் மொன்றியலில் தமது கடைசி அடியை அடித்தார். பந்து வலப்புறக் காவலரின் தலைக்கு மேலாகப் பறந்தது. அந்த ஒரேயோர் ஓட்டத்தால் எக்ஸ்போஸ் வென்றது. தலைக்கு மேலே போன பந்தைத் துரத்திச் சென்ற எதிரணி வீரர் வேறு யாருமல்லர், எங்கள் பழைய அன்ட்ரே டோசன்!

டோசனைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகின்றது. அரங்கில் போட்டிருந்தது செயற்கைப் புல். அதன் அடியிலே கொங்கிறீற். அதன்மீது ஆண்டுக்கணக்கில் ஓடி ஓடி அம்மனிதரின் முழங்கால்கள் சிதைந்தன. 1987இன் தொடக்கத்தில் அவர் சிக்காக்கோ கப்ஸ் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்று, சம்பளத் தொகை எழுதப்படாத ஒப்பந்தத்தில் தமது கையொப்பத்தை இட்டுக்கொடுத்தார். "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்பது அதன் பொருள். அவர்கள் ஐந்து இலட்சம் டொலர் என எழுதினர். அவருடைய தகுதிக்கு அது மிகக் குறைந்த தொகை. சிக்காக்கோவின் மைதானத்தில் உண்மையான புல் இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது அது. அந்த ஆண்டில் 49 ஹோம் ரன்கள் அடித்து, கடைசி இடத்தில் நின்ற அணியிலிருந்துகொண்டே, தேசியப் பிரிவின் அதிசிறந்த வீரர் விருதைப் பெற்றார். முதலாளிமார் அந்நாளில் தமக்குள் இரகசியமாகக் கூடிப் பேசி வீரர்களின் சம்பளத்தை அமுக்கி வைத்திருந்தனர் என்பது பின்னர் நடுவர் தீர்ப்பால் நிரூபணமாயிற்று.

அதே சதியால் ரிம் ரெயின்சும் அவ்வாண்டு ஏப்ரல் மாதம் முழுவதும் அணியின்றி வீட்டிலிருக்க நேர்ந்தது. வேறெவரும் அழைக்காமையால் எக்ஸ்போசுக்கே திரும்பினார். மே 2ஆம் நாள், பயிற்சி ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல், நேரே நியூயோர்க் மைதானத்தில் இறங்கினார். ஐந்து முறை மட்டை பிடித்து நான்கு முறை வெற்றிகரமாக அடித்தார். பத்தாவது இன்னிங்சில், மூன்று தளங்களிலும் ஆட்கள் நிற்க, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினார். நான்கு ஓட்டங்கள்! வேலையிடத்தில் அன்று ஒரு பீங்கான் என் கையிலிருந்து நழுவி உடைந்தது. ரெயின்ஸ் இளமையில் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டு மீண்டவர். மீளும் நாள்களில் துணை நின்ற டோசனின் நினைவாகத் தமது மகனுக்கு அன்ட்ரே என்று பெயரிட்டார்.

மது அரக்கனிடமிருந்து மீண்டவர் டெனிஸ் மார்ட்டினெஸ். பேஸ்போலின் பெரும் அரங்கில் ஆடிய முதலாவது நிக்கரகுவா நாட்டவர் அவர். ஊரிலே உள்நாட்டுப் போர். இவரோ வெளிநாட்டில் பந்தெறிந்துகொண்டிருந்தார். அந்நிலை எத்தகையது என்பதை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1991 யூலை 28ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், வந்த 27 பேரில் ஒருவரைக்கூட முதலாம் தளத்தை மிதிக்க விடாமல் ஆட்டத்தை முடித்தார். முழுமை ஆட்டம் என்று அதனைச் சொல்வர். இவருடையது அப்பெரும் சங்கத்தின் வரலாற்றில் பதின்மூன்றாவது. ஆட்டம் முடிந்ததும் இருக்கையில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இனி 1994. பெலிப்பே அலூ என்னும் டொமினிக்கன் நாட்டவர் பயிற்றுநர். அவருடைய மகன் மொய்சேஸ் அலூ அணியிலே. கூடவே லரி வோக்கர் என்னும் கனடிய மைந்தர், மார்க்கீஸ் கிறிசம், ஜோன் வெற்லண்ட், கென் ஹில், இன்னும் பெயர் பெறாத மெலிந்த இளைஞராகப் பெட்ரோ மார்ட்டினெஸ். சம்பளப் பட்டியலில் கடைசி வரிசையில் நின்ற அணி, வெற்றிப் பட்டியலில் எல்லோருக்கும் முதலாவதாக நின்றது. 74 வெற்றி, 40 தோல்வி. ஓகஸ்ற் 12ஆம் நாள் வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. சம்பளத்துக்கு உச்சவரம்பு விதிக்க முதலாளிமார் முனைந்ததே காரணம். செப்ரெம்பர் 14இல் எஞ்சிய பருவம் முழுவதும் இரத்துச் செய்யப்பட்டது. அவ்வாண்டு உலகத் தொடரே நடைபெறவில்லை. 1904இன் பின் அப்படி நிகழ்ந்தது அதுவே முதன்முறை.

அடுத்த ஏப்ரலில், ஒரே வாரத்துக்குள், வெற்லண்ட், ஹில், கிறிசம் ஆகிய மூவரையும் மாற்றிக் கொடுத்தார்கள். வோக்கரும் போய்விட்டார். 1995இல் அற்லாண்டா அணி உலகத் தொடரை வென்றபோது கடைசிப் பந்தைப் பிடித்த கை கிறிசத்தின் கை. 1996இல் நியூயோர்க் யாங்கீஸ் வென்றபோது தொடரின் சிறந்த வீரர் வெற்லண்ட். 1997இல் புளோரிடா வென்றபோது அங்கே மொய்சேஸ் அலூ. நாற்று எங்கள் மேடையில். அறுவடை பிறர் வயலில். அந்த 1995 ஒக்டோபரிலேதான் கியூபெக் பொதுவாக்கெடுப்பும் நடந்தது. அதன் பின்னர் எம்மவர் பலரும் வேலை தேடியும் மொழியின் பொருட்டும் 401ஆம் நெடுஞ்சாலை வழியே ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார்கள். அரங்கிலே என்னோடு கூட இருந்து கச்சான் உடைத்த இரு நண்பர்களும் அவ்வாறே போனார்கள். போனவர்களை நான் குறை சொன்னதில்லை. வீரர்களையும்தான்.

பெட்ரோ 1997இல் 305 பேரை வீழ்த்திச் சிறந்த பந்தெறிவாளர் விருது பெற்றார். விருது கிடைத்த அதே மாதத்தில் பொஸ்ரனுக்கு அனுப்பப்பட்டார். அதன் பின்னான நிர்வாகக் கதை நீண்டது, இனிமையற்றது. உரிமையாளர்கள் மாறினர், 2002இல் அணியைச் சங்கமே கையேற்றது, வீட்டு ஆட்டங்களிற் சில போர்ட்டோ றிக்கோவில் ஆடப்பட்டன. 2004 செப்ரெம்பர் 29ஆம் நாள், அணி வோஷிங்ரனுக்குப் போகின்றது என்று அறிவிக்கப்பட்ட அன்றே, ஒலிம்பிக் அரங்கில் கடைசி ஆட்டம். 31,395 பேர் வந்திருந்தோம். 9க்கு 1 என்று தோற்றோம். அதற்கு ஒரு மாதம் கழியுமுன் பொஸ்ரன் உலகத் தொடரை வென்றது. வென்ற அந்த இரவிலே பெட்ரோ, இனி அணியில்லாத மொன்றியல் மக்களோடும் இந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு பேஸ்போல் பிடிக்காது.

நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்ரவுன் என்னும் சிற்றூரில் பேஸ்போலின் புகழ் மண்டபம் உள்ளது. மாபெரும் வீரர்களின் முகங்களை வெண்கலத்தில் வார்த்து அங்கே மாட்டுவார்கள். பல அணிகளில் ஆடியவராயின் வார்ப்பில் எந்த அணியின் தொப்பி? அதனை முடிவு செய்வது மண்டபமே. கார்ட்டர் 2003இல் சேர்க்கப்பட்டார். மெற்ஸ் தொப்பியை அவர் விரும்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. மண்டபம் எக்ஸ்போஸ் தொப்பியை இட்டது. ஆயினும் ஏற்புரையிலே பிரெஞ்சிலும் பேசினார். டோசன் 2010இல். கப்ஸ் தொப்பியே தமக்கு வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அவருக்கும் எக்ஸ்போசே. ரெயின்ஸ் 2017இல், வாக்கெடுப்பில் நிற்கக்கூடிய பத்தாவதும் இறுதியுமான ஆண்டில். ஏழாண்டுக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கில் 2024ஐ நான் எதிர்பார்த்திருந்தேன், கணக்குப் பொய்த்தது. பெட்ரோ பொஸ்ரன் தொப்பியோடும், வோக்கர் கொலராடோ தொப்பியோடும், விளாடிமிர் கெரேரோ ஏஞ்சல்ஸ் தொப்பியோடும் இருக்கின்றனர்.

குடியுரிமை கிடைக்கும்வரை எல்லை கடக்க முடியாதிருந்த நான், 2010ஆம் ஆண்டுக் கோடையில் டோசனின் வைபவத்துக்காகக் கூப்பர்ஸ்ரவுன் சென்றேன். எல்லையில் அதிகாரி என் கடவுச்சீட்டைத் திறந்தார். கனடியக் கடவுச்சீட்டுத்தான். ஆனால் பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "எங்கிருந்து வருகின்றீர்?" என்றார். "கர்க்லாண்ட்" என்றேன். "அதற்கு முன்?" என்றார். டோசன் தமக்கு வேண்டாத தொப்பியைக் குறித்து முறையிட்டபோது எனக்குச் சிறிது மனவருத்தம் ஏற்பட்டிருந்தது உண்மை. அந்த எல்லைச் சாவடியிலே அது கரைந்துவிட்டது. சிதைந்த முழங்காலோடு ஒரு மனிதர் எந்தப் புல்லை நன்றியோடு நினைப்பார் என்பதை அவரல்லவா சொல்லவேண்டும்?

கெரேரோவின் மகன் 1999இல் மொன்றியலிலே பிறந்தவர். தந்தையின் பெயரே அவருக்கும். குழந்தையாயிருக்கையில் எக்ஸ்போஸ் சீருடையோடு தந்தையின் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றி வணங்கும் படம் பலருக்கு நினைவிருக்கலாம். 2018 மார்ச்சில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணிக்காக ஒலிம்பிக் அரங்கிலே ஒரு காட்சி ஆட்டம் ஆட வந்தார். ஓட்டமேதும் இல்லாத ஒன்பதாவது இன்னிங்சில், தந்தையின் 27ஆம் இலக்கத்தை முதுகில் அணிந்தபடி, ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். அரங்கமே எழுந்து நின்றது. 2025இல் ரொறன்ரோ அவருக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு 50 கோடி டொலர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. டோசனுக்குச் சிக்காக்கோ எழுதிய தொகையின் சரியாக ஆயிரம் மடங்கு!

ஜாரி பூங்காவின் அருகே ஒரு தெருவுக்கு இன்று கார்ட்டரின் பெயர் உண்டு. அவர் 2012இல் மூளைக் கட்டியினால் 57 வயதில் காலமானார். அங்கிருந்து சிறிது தொலைவில் டெ காஸ்பே வீதியிலே, 1946இல் ஜாக்கி ரொபின்சன் மனைவியோடு வாடகைக்கிருந்த வீட்டில் ஒரு நினைவுப் பலகை உள்ளது. நிறவேலியை உடைத்து அமெரிக்கப் பெரும் அரங்கில் ஏறுவதற்கு முன் அவர் ஆடியது மொன்றியல் றோயல்ஸ் அணியில். ஒரேயொரு பருவந்தான் இருந்தார். வீட்டிலே பலகை இருக்கிறது.

இவையெல்லாம் அந்தச் சிறுவனுக்கு அன்று சொல்ல நேரமிருக்கவில்லை. 1987 மே 2ஆம் நாள் ரெயின்ஸ் அடித்த பந்தை மாத்திரம் சொன்னேன். பயிற்சியேயில்லாமல் வந்தா அடித்தார் என்று இரண்டு முறை கேட்டான். அதற்குள் அவனுடைய முறை வந்துவிட்டது. என் தொப்பியைக் கொஞ்சம் தாருங்கள் என்று வாங்கித் தலையில் வைத்தான். அது காதுகளை மூடியது. மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினான். முதல் இரண்டு பந்துகளையும் தவறவிட்டான்.