சும்மா போட்டுப் பார்ப்போம்

கீஜென் ஓடும்போது ஒரு பாட்டு வருமே, ஞாபகம் இருக்கிறதா? பழைய வீடியோ கேம் மாதிரி கீச்சுக்கீச்சென்று ஒரு மெட்டு. பாடிக்கொண்டே, காசு கொடுக்காத மென்பொருளுக்கும் சீரியல் நம்பரைத் துப்பும். ரிச்சி தெருவில் வாங்கிய சிடி ஒன்றில்தான் அதை முதலில் கேட்டேன். உள்ளே போட்டோஷாப் 7. சும்மா போட்டுப் பார்ப்போம், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போட்டேன். பார்த்தேன், பார்த்தேன், ஒன்பது வருஷம் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அடித்துக் காசும் பார்த்தேன்.

போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. 1982-லேயே ஜிம் நாஃப், ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தங்கள் மென்பொருளைத் தாங்களே ஊருக்கு விட்டார்கள்: நகலெடுங்கள், நண்பருக்கும் கொடுங்கள், பிரயோஜனப்பட்டால் பணம் அனுப்புங்கள். ஷேர்வேர் பிறந்தது இப்படித்தான். கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் இன்றும் 40 நாள் கெடு சொல்லிவிட்டு, கெடு முடிந்த பிறகும் வேலை செய்கிறது. அங்கே நகலெடுக்கச் சொன்னது செய்தவரே. என் சிடியில் அப்படி யாரும் சொல்லவில்லை.

அதனால் யாருக்கு நஷ்டம்? பெரிய கம்பெனிக்குத்தானே என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டவன்தான். பில் கேட்ஸ் 1976-ல், ஆல்டேர் கணினிக்குத் தாங்கள் எழுதிய பேசிக்கைக் காகித நாடாவில் நகலெடுத்துப் பரப்பியவர்களைத் திருடர்கள் என்றே கடிதம் எழுதினார். அதே கேட்ஸ் 1998-ல் சீனாவைப் பற்றிப் பேசும்போது, திருடுவதானால் எங்களுடையதையே திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார். பெரிய கடைக்கு அந்தப் பொறுமை உண்டு. நஷ்டம் சின்னவர்களுக்குத்தான். போட்டோஷாப் மாதிரியே படம் திருத்தும் ஜிம்ப் 1996-லிருந்தே இலவசம். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. போட்டோஷாப்பே சும்மா கிடைக்கும்போது எதற்கு? தமிழ் எழுத்துரு செய்து விற்ற சின்னச் சின்ன ஆட்களின் உழைப்பும் டிடிபி கடைகளில் இப்படித்தான் கை மாறியது. அவர்களால் இருபது வருஷம் காத்திருந்து வசூலிக்க முடியுமா?

சட்டம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, தெரிந்தே திருட்டு நகலைக் கணினியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை. வியாபார நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் அபராதத்தோடு விட்டுவிடலாம். பத்திரிகை அடித்த எனக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

போன மாதம் அக்கா பையன் வந்து, "மாமா, வீடியோ எடிட் பண்ண பிரீமியர் கிராக் இருக்கா? ட்ரை பண்ணத்தான்" என்றான்.

"அவங்களே ஏழு நாள் இலவசமா தர்றாங்களேடா."

"ஏழு நாள்ல முடியாது மாமா. டெலிவரி பத்து நாள் கழிச்சுதான்."